வெல்ஷ் பெயர்ச்சொல்லை எந்த வடிவில் மனப்பாடம் செய்வது? ஒரு பூனையை வைத்து ஒப்பீடு

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மொழி வெல்ஷ். அதைப் படிக்கத் தொடங்கியவர்கள் முதல் சில பாடங்களிலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. அகராதியில் பூனைக்கு ‘காத்’ என்று போட்டிருக்கிறது. பாடத்தில் ‘கா³த்’ என்று வருகிறது. ‘என் பூனை’ என்றால் ‘ங்ஹாத்’, ‘அவளுடைய பூனை’ என்றால் ‘ஃகாத்’. நான்கும் ஒரே சொல்தான். அப்படியானால் நோட்டில் எதை எழுதிப் படிப்பது? சொல்லை மட்டுமா? முன்னால் ஒரு சுட்டை (ஆங்கில ‘தி’ போன்ற சொல்லை)ச் சேர்த்தா, எண்ணைச் சேர்த்தா, பின்னால் பெயரடையைச் சேர்த்தா? லத்தீன் வேர்ச்சொல் தெரிந்தால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? வேல்ஸில் 16 வயது வரை பள்ளிகளில் வெல்ஷ் கட்டாயப் பாடம். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும் இதே குழப்பம்தான்.

தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் வடிவம் முக்கியம். ஐந்நூறு சொற்களை ஒரு விதமாகப் படித்துவிட்டு, அவற்றில் எது ஆண்பால், எது பெண்பால் என்று தெரியவில்லை எனப் பிறகு கண்டுபிடித்தால் ஐந்நூறையும் மறுபடி அகராதியில் பார்க்க வேண்டியிருக்கும்.

## முதலில் எழுத்து பற்றி

தமிழ் எழுத்தில் வெல்ஷை எழுதும்போது ஒரு பெரிய சிக்கல் வருகிறது. வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்து வல்லொலியிலிருந்து குரலொலிக்கு மாறுகிறது. நமக்கோ இரண்டுக்கும் ஒரே ‘க’, ஒரே ‘ப’. எனவே சுலோகப் புத்தகங்களில் போடுவது போல இங்கே சிறிய ³ போட்டிருக்கிறேன்: ‘கங்கை’ என்னும் சொல்லில் இரண்டாவதாக வரும் ககரத்தின் ஒலி க³, ‘அன்பு’ என்பதில் வரும் பகரத்தின் ஒலி ப³. எண் இல்லாத வல்லினம் சொல்லின் நடுவில் வந்தாலும் வல்லொலிதான்.

ட, ட³ இரண்டும் ஆங்கில ‘டீ’, ‘டாக்’ சொற்களின் முதலொலிகள். த என்பது ‘தேங்க்ஸ்’ சொல்லில் ஆங்கிலேயர் நாக்கைப் பல்லிடையே வைத்து ஊதும் ஒலி. த³ அதன் குரலொலி. ‘ஃக’ தொண்டையில் உரசும் ககரம். ‘ஹ்ல’ என்பதற்கு நாக்கை லகரத்துக்கு வைத்துக் குரல் கொடுக்காமல் ஓரத்தில் காற்றை விட வேண்டும். இந்த எழுத்துமுறை இந்தக் கட்டுரைக்கு மட்டும். உங்கள் நோட்டில் வெல்ஷ் எழுத்தையே எழுதுங்கள். தமிழில் எழுதிப் படித்தால் திரிபுகளில் பாதி கண்ணுக்கே தெரியாமல் போகும்.

## பூனை எங்கிருந்து வந்தது, ஏன் மாறுகிறது

‘காத்’ லத்தீனிலிருந்து வந்தது. ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 43-இல் தொடங்கி ஏறத்தாழ 410 வரை, அங்கே பேசப்பட்ட பிரித்தானியக் கெல்திக் மொழி லத்தீனிலிருந்து நூற்றுக்கணக்கான சொற்களை எடுத்துக்கொண்டது. அந்த மொழியின் வழிவந்ததே வெல்ஷ். பிற்கால லத்தீனில் பூனை ‘கட்டுஸ்’. அந்த இரட்டை ‘ட்ட’ எப்படி ‘த்’ ஆனது என்று தெரிந்துகொண்டால் மொத்தத் திரிபு முறைக்கும் அதுவே சாவி. தமிழருக்கு இது மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும்.

நம் மொழியில் தனி வல்லினம் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் இளகும். இரட்டித்தால் இறுகி நிற்கும். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பழைய பிரித்தானிய மொழியிலும் இதேதான் நடந்தது. சங்கிலிக்கு லத்தீன் ‘கடேனா’; அதில் இருப்பது தனி ட, அதனால் அது இளகி வெல்ஷில் ‘கட்³வின்’ ஆயிற்று. ‘கட்டுஸ்’ சொல்லில் இருப்பது இரட்டை; அது இளகாமல் நின்று, பிற்பாடு உரசலாகி ‘காத்’ ஆயிற்று. அம்புக்கு லத்தீன் ‘சகி³ட்டா’. நடுவிலிருந்த தனி க³ இளகி இளகி மறைந்தேபோக, இரட்டை ட்ட மட்டும் உரசலாகி ‘சாய்த்’ மிஞ்சியது.

இந்த மாற்றம் சொல்லுக்கு உள்ளே மட்டும் நடக்கவில்லை. இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரே மூச்சில் வரும்போது, முன் சொல் உயிரில் முடிந்தால் பின் சொல்லின் முதல் மெய்யும் ‘இரண்டு உயிருக்கு நடுவே’ என்ற நிலைக்கு வந்துவிடும். ‘தி’ போன்ற சுட்டின் பழைய பெண்பால் வடிவம் உயிரில் முடிந்தது. ஆண்பால் வடிவம் ஸகரத்தில் முடிந்தது. ஆகவே பெண்பால் பெயர் மட்டும் இளகியது. பிறகு அந்தக் கடைசி அசைகள் எல்லாம் தேய்ந்து போயின. இன்றைக்குச் சுட்டு இரு பாலுக்கும் ஒரே ‘அ’தான். ஆனால் தேய்ந்துபோன உயிரின் தடம் பின்சொல்லின் முதலெழுத்தில் தங்கிவிட்டது.

- இளகல்: ‘அ கா³த்’, அந்தப் பூனை, ‘எய் கா³த்’, அவனுடைய பூனை. முன்சொல் ஒருகாலத்தில் உயிரில் முடிந்தது.
- மெல்லினமாதல்: ‘வ ங்ஹாத்’, என் பூனை. முன்சொல் மூக்கொலியில் முடிந்தது. ஆத்திசூடிக்கு வெளியே சொல்லின் முதலில் நாம் அதிகம் பார்க்காத ஙகரம் இங்கே சர்வசாதாரணம்.
- உரசலாதல்: ‘எய் ஃகாத்’, அவளுடைய பூனை. முன்சொல் ஸகரத்தில் முடிந்ததால் பின் மெய் இரட்டித்து, ‘கட்டுஸ்’ போலவே உரசலாயிற்று.

அவனுடைய, அவளுடைய இரண்டுக்கும் இன்று ஒரே ‘எய்’. பூனை யாருடையது என்பதைப் பூனையின் முதலெழுத்துதான் சொல்கிறது. தமிழில் ‘அந்த’வும் ‘பூனை’யும் சேர்ந்தால் ‘அந்தப் பூனை’ என்று இறுகுகிறது, வெல்ஷில் இளகுகிறது. திசைதான் வேறு. முன்சொல்லைப் பார்த்துப் பின்சொல் எல்லையில் மாறும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

## எதை வைத்து அளப்பது

பால் தெரிய வேண்டும். வெல்ஷில் அஃறிணை கிடையாது. பாலம், ஆறு, பள்ளி, தண்ணீர் எல்லாமே ஆண் அல்லது பெண். பொருளைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. ‘காத்’ என்றால் எந்தப் பூனையானாலும் இலக்கணத்தில் பெண்பால்தான். ஆண் பூனையைக் குறிப்பாகச் சொல்ல ‘கூ³ர்காத்’ என்ற தனி ஆண்பால் சொல் உண்டு. சுட்டுக்குப் பின் வரும் இளகல், எண்ணின் வடிவம், பெயரடையின் முதலெழுத்து எல்லாம் பாலைத்தான் சார்ந்திருக்கின்றன.

மூல வடிவம் கெடக்கூடாது. நான்கு வடிவங்களையும் கணக்கிடுவது ‘காத்’ என்ற மூலத்திலிருந்துதான். அகராதி அடுக்கப்பட்டிருப்பதும் அதன்படிதான்.

எல்லாச் சொல்லுக்கும் வேலை செய்ய வேண்டும். ‘காத்’துக்கு நன்றாக வரும் முறை நாளை உயிரெழுத்துச் சொல்லில் ஊமையாகிவிட்டால் பயனில்லை.

இவற்றோடு நான்காவதாக, பேச்சில் உண்மையாகவே பயன்படும் தொடராக இருந்தால் நல்லது. பன்மையை அளவுகோலில் சேர்க்கவில்லை. எந்த முறையும் பன்மையைக் காட்டித் தராது. அதைத் தனியே படித்தே ஆக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால்.

## வழி 1: சொல்லும் பால் குறிப்பும்

‘காத், பெண்பால்’. அகராதி செய்வது இதைத்தான். வேல்ஸ் பல்கலைக்கழக அகராதி, 1921-இல் சொல் சேகரிப்பு தொடங்கி 2002-இல் முதற்பதிப்பு நிறைவுற்ற பெரும் பணி. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பாலும் பன்மையும் சொல் வரலாறும் அதில் இருக்கின்றன. நோட்டில் இந்தக் குறிப்பை எழுதுவது பிழையே இல்லாத முறை. மூலம் அப்படியே நிற்கிறது, விதிவிலக்கும் கிடையாது.

ஆனால் ‘பெண்பால்’ என்பது கண்ணுக்கான குறிப்பு. காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேசும்போது சொல் நினைவுக்கு வரும், பக்கத்தில் எழுதியிருந்தது வராது. பால் குறிப்போடு மட்டும் படித்தவர்கள் தேர்வில் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிட்டுப் பேச்சில் தடுமாறுவது இதனால்தான். எழுதவும் வாசிக்கவும் மட்டும் வெல்ஷ் வேண்டும் என்பவர்களுக்கு, ஆவணங்களைப் பார்ப்பவர்களுக்கு, இதுவே போதும்.

## வழி 2: சுட்டோடு சேர்த்து

‘அ கா³த்’. ஜெர்மன், பிரெஞ்சு படித்தவர்கள் கொண்டுவரும் பழக்கம் இது. அந்த மொழிகளில் சுட்டே பாலுக்கு ஏற்ப மாறுகிறது, அதனால் அங்கே இது சரியான வழி. வெல்ஷில் சுட்டு மாறுவதில்லை; சொல்தான் மாறுகிறது. பல பாடநூல்களும் செயலிகளும் இதைத்தான் முதலில் காதில் போடுகின்றன. சேதாரத்தையும் பார்க்க வேண்டும்.

முதல் சேதாரம், பல சொற்களில் ஒன்றும் தெரியாது. இளகக்கூடிய முதலெழுத்துகள் மொத்தம் ஒன்பது. உயிரில் தொடங்கும் சொல்லும், ஸ, ந, ஃப போன்றவற்றில் தொடங்கும் சொல்லும் இளகாது. ‘அர் அஸ்கோல்’, அந்தப் பள்ளி: பெண்பால்தான், ஆனால் இந்தத் தொடரில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஒன்பதிலும் ‘ஹ்ல’, ‘ர்ஹ’ இரண்டும் சுட்டுக்குப் பின் இளகுவதில்லை. கை ‘ஹ்லாவ்’, பெண்பால். சுட்டோடு ‘அ ஹ்லாவ்’ என்றே நிற்கும். கே³ம் போன்ற அண்மைய கடன்சொற்களும் இளக மறுக்கின்றன: ‘அ கே³ம்’, அந்த விளையாட்டு, பெண்பால். இவற்றையெல்லாம் சுட்டோடு படித்தவர் ஆண்பால் என்றே முடிவு செய்துவிடுவார்.

இரண்டாவது சேதாரம் இன்னும் மோசமானது: மூலம் மறைந்துவிடுகிறது. ப³, ம இரண்டும் இளகினால் ஒரே வகரம். பசு ‘பி³வ்ஃக்’ என்பது ‘அ விவ்ஃக்’. மகள் ‘மெர்ஃக்’ என்பது ‘அ வெர்ஃக்’. இளகிய வடிவத்தைக் கேட்டவருக்கு எந்த எழுத்துக்குத் திரும்புவது என்று தெரியாது. க³ இளகினால் முழுக்க மறையும். தோட்டம் ‘கா³ர்த்³’, சுட்டோடு ‘அர் ஆர்த்³’. இதைக் கேட்டுவிட்டு அகராதியில் ஆகாரத்தில் தேடிக் கிடைக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

இந்த வழிக்கு உரிய இடம் வேல்ஸின் சாலைப் பலகைகள். ஆங்கிலத்தில் பிரிட்ஜெண்ட் என்னும் ஊர் வெல்ஷில் ‘பென்-அ-பொ³ன்ட்’, பாலத்தின் முனை. பாலம் ‘பொன்ட்’, பெண்பால், அதனால் ‘பொ³ன்ட்’. பக்கத்தில் கவ்பிரிட்ஜ் நகரம் ‘அ பொ³ன்ட்-வாய்ன்’, கல் பாலம். ‘மாய்ன்’ என்ற கல்லும் பெண்பால் பெயரைத் தொடர்ந்து வந்ததால் ‘வாய்ன்’ ஆகியிருக்கிறது. ஓர் ஊர்ப் பெயரில் இரண்டு இளகல். அங்கே வாழ்பவர்கள் தினமும் பார்க்கும் பலகையை ஒரு முறை இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டால் ‘பொன்ட்’ பெண்பால் என்பது இனி மறக்காது.

## வழி 3: ‘இரண்டு’ சேர்த்து

‘டு³ய் கா³த்’, இரண்டு பூனை. ‘டை³ கீ³’, இரண்டு நாய். நாயின் மூலம் ‘கீ’, ஆண்பால். வெல்ஷில் இரண்டு, மூன்று, நான்கு மட்டும் பாலுக்கு ஏற்ப வேறு சொல்லாகின்றன. எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையில்தான் நிற்கும். நாமும் பேச்சில் ‘ரெண்டு பூனை’, ‘பத்து மாடு’ என்றுதானே சொல்கிறோம்; இங்கிலீஷ்காரர்களுக்கு உறுத்தும் இந்த விதி நமக்கு உறுத்தாது.

எண்ணே மாறுவதால் எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லானாலும் பால் தெரியும்: ‘டு³ய் அஸ்கோல்’, இரண்டு பள்ளி. இது சுட்டைவிடப் பெரிய முன்னேற்றம். ஆனால் இரண்டு என்ற எண் இரு பாலையும் இளக்கிவிடும். சுட்டு விட்டுவைத்த ‘ஹ்ல’வையும் ‘ர்ஹ’வையும்கூட. ‘ஹ்லாவ்’ என்பது ‘டு³ய் லாவ்’. மூலம் மறையும் சிக்கல் இங்கே பெண்பாலோடு நிற்காமல் ஆண்பாலுக்கும் பரவுகிறது. ஏற்கெனவே மூல வடிவம் நன்கு தெரிந்த சொற்களில் இளகலைப் பழக இது அருமையான பயிற்சி. புதிய சொல்லைச் சேமிக்க அல்ல.

## வழி 4: ‘நான்கு’ சேர்த்து

‘பெடை³ர் காத்’, நான்கு பூனை. ‘பெட்³வர் கீ’, நான்கு நாய்.

இந்த ஒப்பீட்டில் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் நான்கு என்ற எண்ணின் ஒரு தனிக்குணம்: அது பாலுக்கு ஏற்ப மாறுகிறது, ஆனால் பின்னால் வரும் சொல்லைத் தொடுவதில்லை. ‘பெடை³ர்’ என்றால் பெண், ‘பெட்³வர்’ என்றால் ஆண். அடுத்து வருவது அகராதியில் இருக்கும் அதே மூலம். மூன்றுக்கு இந்த முழுக் குணம் இல்லை. பெண்பால் ‘டைர் காத்’ சரியாகத்தான் நிற்கிறது. ஆண்பால் ‘ட்ரீ’யோ பின்சொல்லை உரசலாக்கி ‘ட்ரீ ஃகீ’ என்று நாயை மாற்றிவிடும்.

சுட்டு கைவிட்ட சொற்களை இதில் போட்டுப் பாருங்கள்: ‘பெடை³ர் அஸ்கோல்’, ‘பெடை³ர் ஹ்லாவ்’, ‘பெடை³ர் கே³ம்’, ‘பெடை³ர் கா³ர்த்³’. எல்லாவற்றிலும் பால் தெரிகிறது, எல்லாவற்றிலும் மூலம் முழுதாக இருக்கிறது. பேச்சிலும் இது செயற்கையான தொடர் அல்ல. பவுண்டு ‘பின்ட்’ பெண்பால் என்பதால் கடையில் நான்கு பவுண்டு என்பது ‘பெடை³ர் பின்ட்’. பிள்ளைக்கு நான்கு வயது என்றாலும் ‘பெடை³ர்’தான்.

பழைய வெல்ஷ் சட்டத்தில் பூனைக்கும் நான்குக்கும் ஓர் உறவு உண்டு. பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தா³ பெயரில் வழங்கும் சட்டத் தொகுப்பு, நமக்குக் கிடைத்திருப்பது 13-ஆம் நூற்றாண்டு முதலான கையெழுத்துப் படிகளில். அதில் பூனைக்கு விலை விதித்திருக்கிறார்கள்: பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும்வரை ஒரு பென்னி, கண் திறந்ததிலிருந்து எலி பிடிக்கும்வரை இரண்டு, எலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு. பென்னிக்கு ‘கெய்ன்யொக்³’, அதுவும் பெண்பால். ஆகவே நான்கு பென்னி ‘பெடை³ர் கெய்ன்யொக்³’. விலையையும் பூனையையும் ஒரே எண்ணோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கும் மறைசெலவு உண்டு. எண்ண முடியாத பொருளுக்கு இது வராது. தண்ணீரையும் இசையையும் நான்காக எண்ண முடியாது. ஆண்டு என்ற சொல்லும் தனி: அதன் இயல்பான ஒருமை ‘ப்³லுயிதி³ன்’, ஆனால் எண்ணுக்குப் பின் ‘ப்³லனெத்³’ என்று வேறொரு வடிவம் வரும். பேச்சில் ‘நான்கில் பூனைகள்’ என்பது போல, இடையே ஒரு ‘ஒ’ போட்டுப் பன்மையைச் சொல்லும் அமைப்பும் உண்டு: ‘பெடை³ர் ஒ க³தொட்³’. அதைக் கேட்டு ஒருமை விதியைச் சந்தேகிக்க வேண்டாம், இரண்டும் சரி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நான்கோடு மட்டும் படித்தால் இளகலே நாக்கில் ஏறாது. பேச்சில் அதிகம் வருவது சுட்டுதான். எனவே சேமிப்பது நான்கோடு, பயிற்சி சுட்டோடு: ‘பெடை³ர் காத்’ என்று படித்த கையோடு ‘அ கா³த்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மூலமும் பாலும் கையில் இருப்பதால் இதை யாரிடமும் கேட்காமல் நீங்களே கணக்கிடலாம். எதிர்த்திசையில், ‘அ கா³த்’ மட்டும் தெரிந்தவரால் இப்படி எப்போதும் திரும்பி வர முடியாது.

## வழி 5: ‘நல்ல’ சேர்த்து

பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். ஒருமைப் பெண்பால் பெயரை அடுத்து வந்தால் அது இளகும். நல்ல என்பது ‘டா³’. நல்ல நாய் ‘கீ டா³’. நல்ல பூனை ‘காத் தா³’. மூலம் கெடவில்லை, பால் தெரிகிறது, எண்ண முடியாத சொல்லுக்கும் வருகிறது: நல்ல தண்ணீர் ‘டூ³ர் டா³’, ஆண்பால், நல்ல இசை ‘கெர்தோ³ர்யைத் தா³’, பெண்பால். ட³ நுனிநாக்கிலும் த³ பல்லிடையிலும் பிறப்பதால் காதுக்கும் வேறுபாடு தெளிவு.

சிலர் இதற்குச் சிறிய என்ற ‘பா³ஃக்’கைப் பயன்படுத்துவார்கள்: ‘காத் வாஃக்’, சின்னப் பூனை. கேட்கச் செல்லமாக இருக்கும். ஆனால் சில வட்டாரப் பேச்சில் இந்தச் சொல் இளகாமலே நிற்பதுண்டு. அதைக் கேட்டுப் பாலைத் தவறாக முடிவு செய்ய நேரும். ‘டா³’ பாதுகாப்பானது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரவு வணக்கம் ‘நோஸ் டா³’. இரவு பெண்பால், விதிப்படி ‘தா³’ வர வேண்டும். முன்னால் இருக்கும் ஸகரம் இளகலைத் தடுத்து அப்படியே உறைந்துவிட்டது. வேல்ஸில் முதல் நாளே காதில் விழும் தொடர் விதிக்கு எதிராக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

நான்கை இதற்கு மேலே வைப்பதற்குக் காரணம் நினைவின் இயல்பு. ‘பெடை³ர்’, ‘பெட்³வர்’ இரண்டும் முழுச்சொல் வேறுபாடு, அதுவும் சொல்லுக்கு முன்னால் வருகிறது. ‘டா³’, ‘தா³’ ஓர் எழுத்து வேறுபாடு, கடைசியில் வருகிறது. அவசரத்தில் எழுதும்போது வால் அறுந்துவிடும்.

## வழி 6: வேர்ச்சொல்லைப் பிடித்தல்

லத்தீன் அல்லது பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இது இனிக்கும். ஜன்னல், தேவாலயம், பாலம், புத்தகம் என்று நூற்றுக்கணக்கான சொற்கள் பழகிய முகமாகவே தெரியும். மேலே பார்த்தது போலத் திரிபின் காரணமும் புரிந்துவிடும். பால் விஷயத்தில் மட்டும் இதை நம்பக்கூடாது. பாலத்துக்கு லத்தீன் சொல் ஆண்பால். அதிலிருந்து வந்த வெல்ஷ் ‘பொன்ட்’ பெண்பால். லத்தீனில் மூன்று பால், வெல்ஷில் இரண்டு. அலிப்பால் சொற்கள் எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பொருள் புரியவும் எழுத்து மாற்றம் புரியவும் வேர்ச்சொல் உதவும். சேமிக்கும் வடிவமாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | பால் தெரிகிறதா | மூலம் நிற்கிறதா | எங்கே கைவிடும் |
|---|---|---|---|
| பால் குறிப்பு | எப்போதும் | ஆம் | பேச்சில் நினைவுக்கு வராது |
| சுட்டு | சில எழுத்துகளில் மட்டும் | பெண்பாலில் மறையும் | உயிர், ஸ, ஃப, ஹ்ல, ர்ஹ, புதுக் கடன்சொல் |
| இரண்டு | எப்போதும் | இரு பாலிலும் மறையும் | அகராதியில் தேடும்போது |
| நான்கு | எப்போதும் | ஆம் | எண்ண முடியாதவை, ஆண்டு |
| நல்ல | பெரும்பாலும் | ஆம் | ‘நோஸ் டா³’. வால் மறக்கும் |
| வேர்ச்சொல் | இல்லை | பொருந்தாது | பாலத்தில் போல எதிர்ப்பால் |

## பன்மை தனிக்கணக்கு

பூனைகள் ‘கதொட்³’. ‘-ஒட்³’ என்பது பல விலங்குப் பெயர்களில் வரும் விகுதி. ஆனால் நாய் விலங்குதான், அதன் பன்மை ‘கூன்’. பாலம் ‘பொன்டித்³’, புத்தகம் ‘ஹ்லவ்ரை’. கார் ‘கெய்ர்’ என்று உள்ளுயிரே மாறும். எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்பதற்கு நம்பத்தக்க விதி இல்லை, ஒருமையோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஓர் ஆறுதல்: பன்மை சுட்டுக்குப் பின் இளகாது. ‘அ கதொட்³’ என்று மூலமாகவே நிற்கும். பன்மைக்குப் பின் பெயரடையும் இளகாது. பாலைக் கண்டுபிடிக்கப் பன்மை உதவாததற்கும் இதுவே காரணம்.

ஒரு கூட்டம் சொற்கள் தலைகீழ். அவற்றில் அடிப்படை பன்மை, ஒருமைக்குத்தான் விகுதி. மரங்கள் ‘கோய்ட்³’, ஒரு மரம் ‘கோய்டெ³ன்’. குழந்தைகள் ‘ப்லான்ட்’, ஒரு குழந்தை ‘ப்லென்டின்’. பறவை, மீன், பன்றி எல்லாம் இந்த வகை. இங்கே பால் இலவசமாகக் கிடைக்கிறது: ஒருமை விகுதி ‘-என்’ ஓசையில் முடிந்தால் பெண்பால், ‘-இன்’ என்றால் ஆண்பால். ஆனால் அந்த ஓசையில் முடியும் எல்லாச் சொல்லும் இந்த வகை அல்ல. உப்பு ‘ஹாலென்’, அது ஆண்பால். பன்மை குறுகியதாக இருந்தால் மட்டும் இந்த விதியை நம்புங்கள்.

## யாருக்கு எது

பேசக் கற்பவர், பிள்ளைக்குச் சொல்லித் தருபவர்: நான்கு. எண்ண முடியாத சொல்லுக்கு மட்டும் ‘நல்ல’. செயலியில் ஏற்கெனவே பாதி தூரம் போய்ச் சுட்டோடு படித்துவிட்டவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. உயிரிலும் ஸ, ஃப, ஹ்ல, ர்ஹ ஆகியவற்றிலும் தொடங்கும் சொற்களை மட்டும் பொறுக்கி நான்கோடு எழுதிக்கொண்டால் போதும், ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாசிப்பு மட்டும் என்றால் பால் குறிப்பு. வட்டாரத்துக்கு வட்டாரம் பால் மாறும் சொற்களும் சில உண்டு. நிமிடம் என்ற ‘மினிட்³’ அப்படி ஒன்று. அவற்றுக்கு அகராதியே இரு பாலையும் தரும். உங்கள் ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பால் தவறினாலும் எதிரில் இருப்பவருக்குப் பொருள் புரியும் என்பதால் இதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். ‘எய் கா³த்’, ‘எய் ஃகாத்’ போன்ற இடங்களில் மட்டும் முதலெழுத்தைக் கவனமாகச் சொல்லுங்கள்; அங்கே பூனையின் சொந்தக்காரரே மாறிவிடுவார்.

நோட்டில் வரி இப்படி இருக்கட்டும். இடப்பக்கம் சேமிப்பு வடிவம், அடுத்தது பன்மை, கடைசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது:

- பெடை³ர் காத் – கதொட்³ – அ கா³த்
- பெட்³வர் கீ – கூன் – அ கீ
- பெடை³ர் பொன்ட் – பொன்டித்³ – அ பொ³ன்ட்
- பெடை³ர் அஸ்கோல் – அஸ்கொல்யொன் – அர் அஸ்கோல்
- பெடை³ர் கா³ர்த்³ – கெ³ர்தி³ – அர் ஆர்த்³
- பெட்³வர் ப்லென்டின் – ப்லான்ட் – அ ப்லென்டின்
- டூ³ர் டா³ – பன்மை வேண்டாம் – அ டூ³ர்